ரபீக்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

"தல்மூத்தில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள்" என்று தொடங்கும் ஃபார்வர்டு வருஷத்துக்கு இரண்டு முறையாவது என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. ஒற்றை வரி மேற்கோள், கீழே வரிசையாகக் கோப முகங்கள். தல்மூத் என்பது ரபீக்கள் எனப்படும் யூதச் சட்ட ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூல். அந்த வரி அசலா, போலியா என்பது அப்புறம். அசலாகவே இருந்தாலும் "தல்மூத் சொல்கிறது" என்ற பேச்சிலேயே கோளாறு இருக்கிறது. சட்டமன்ற அவைக்குறிப்பிலிருந்து யாரோ ஓர் உறுப்பினர் பேசியதை வெட்டி எடுத்து, "இதுதான் இந்த மாநிலத்தின் சட்டம்" என்று காட்டினால் எப்படி இருக்கும்? அவருக்கு அடுத்த பத்தியிலேயே நாலு பேர் பதில் சொல்லியிருக்கலாம். மசோதாவே தோற்றுப் போயிருக்கலாம்.

இன்னொரு பக்கம், ஞாயிறு பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு, இயேசு காலத்து யூதப் பிரிவினரான "பரிசேயர்" என்றாலே வேஷக்காரர்கள் என்றுதான் பதிந்திருக்கும். ரபீக்கள் என்றால் பரிசேயர்களின் வாரிசுகள், அவர்கள் சட்டம் என்றால் கை கழுவும் சடங்கு என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

இரண்டு பேச்சிலும் விடுபடும் கேள்வி ஒன்றுதான். ராஜாவும் இல்லை, படையும் இல்லை, எருசலேம் கோயிலும் இடிந்துபோயிற்று. அந்த நிலையில் சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டது எப்படி ஒரு மக்களின் சட்டமானது?

## அண்ணன்கள் காலத்து விதி

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். கிரிக்கெட்டுக்கு அச்சடித்த விதிப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அதை வைத்து உங்கள் தெருவில் ஓர் ஓவர்கூட ஆட முடியாது. பந்து மாடிக்குப் போனால் என்ன? ஒரு பிட்ச் குத்தி வந்ததை ஒற்றைக் கையில் பிடித்தால்? கரண்ட் கம்பத்தில் பட்டுத் திரும்பினால்? எதையும் யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் குடிவந்த பையன் "இதெல்லாம் யார் சொன்னது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்: "அண்ணனுங்க காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

அந்தப் பதில் பழையவர்களைச் சாட்சிக்கு இழுக்கிறது. ஆனால் விதிக்கு வலு அதனால் மட்டும் வருவதில்லை, தினமும் சாயங்காலம் பத்துப் பேர் அதன்படி ஆடுவதால் வருகிறது. நாளைக்கே பாதிப் பேர் வேறு மாதிரி ஆட ஆரம்பித்தால் அண்ணன்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாதுதான். தெருப் பையன்கள் தங்கள் விதி, மோசேக்குக் கடவுள் சட்டம் கொடுத்த சீனாய் மலையில் கிடைத்தது என்று சொல்வதில்லை.

## எழுதிய சட்டம், எழுதாத சட்டம்

மோசேயின் ஐந்து புத்தகங்களுக்கு யூதர்கள் வைத்த பெயர் தோரா. அது எழுதப்பட்ட சட்டம். அதில் ஓய்வுநாளில் வேலை செய்யாதே என்று பல இடங்களில் வருகிறது. சரி, எது வேலை? நெருப்பு மூட்டக் கூடாது என்று ஓரிடத்தில் தெளிவாக இருக்கிறது. மற்றபடி பெரிதாக விவரம் கிடையாது. தண்ணீர் குடம் தூக்கினால் வேலையா? அறுந்த வாரை முடிச்சுப் போட்டால்?

ரபீக்களின் நூலான மிஷ்னா (அதைப் பற்றிப் பின்னால்) இதற்கு ஒரு பட்டியல் தருகிறது. எண்ணிக்கையை "நாற்பதுக்கு ஒன்று குறைவு" என்று சொல்லி, விதைப்பது, உழுவது, அறுப்பது என்று தொடங்கி, இரண்டு எழுத்து எழுதுவது, நெருப்பை அணைப்பது, ஒரு பொருளை ஓர் இடத்து எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குக் கொண்டுபோவது என்று 39 வேலைகளை அடுக்குகிறது. தோராவில் இப்படிப் பட்டியல் இல்லை. அது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். ஓய்வுநாள் சட்டங்கள் "மயிரிழையில் தொங்கும் மலைகள்" போன்றவை, வேதவசனம் கொஞ்சம், சட்டம் ஏராளம் என்று அதே நூலே இன்னோரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. எனக்கு இந்த இலக்கியத்தின் மேல் மரியாதை வந்த இடம் அது.

எழுதாமல் வழிவழியாக வந்த இந்த விளக்கத்துக்குப் பிற்காலத்தில் வாய்மொழித் தோரா என்று பெயர் வந்தது. ஆனால் இந்த எண்ணம் ரபீக்களுக்கும் முந்தியது. இயேசுவின் சீடர்கள் கை கழுவாமல் சாப்பிட்டதைப் பரிசேயர் கேட்கும் இடம் மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே மீறப்பட்டதாகச் சொல்லப்படுவது மோசேயின் சட்டம் அல்ல, முன்னோர்களின் பாரம்பரியம். அதே நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸும், மோசேயின் சட்டத்தில் எழுதாத பல விதிகளைப் பரிசேயர் முன்னோரிடமிருந்து வந்தவையாக மக்களுக்குக் கொடுத்தார்கள், எதிர்த் தரப்பான சதுசேயர் அதை ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எழுதாத சட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்ற சண்டை கோயில் இருந்தபோதே நடந்துகொண்டிருந்தது.

## கோயில் போன பிறகு

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் கோயிலை எரித்துத் தரைமட்டமாக்கியது. பலி நின்றது, பலி செலுத்திவந்த பூசாரிகளான ஆசாரியர்களுக்குச் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. முற்றுகையின்போது யோகனான் பென் சக்காய் என்ற ஆசிரியரைச் சீடர்கள் சவப்பெட்டியில் வைத்து நகருக்கு வெளியே கடத்தினார்கள் என்றும், அவர் ரோமத் தளபதியிடம் யாவ்னே என்ற ஊரையும் அதன் அறிஞர்களையும் கேட்டு வாங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. அற்புதமான கதை. ஆனால் பல நூற்றாண்டுகள் கழித்து ரபீக்களே தங்களைப் பற்றிச் சொன்னது. அதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்தே யூதர் எல்லாரும் ரபீக்கள் சொற்படி நடந்தார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

அப்படி நடந்ததற்கு அடையாளம் இல்லை. சாக்கடல் அருகே ஒரு குகையில் 1961இல் பாபாத்தா என்ற யூதப் பெண்ணின் காகிதக் கட்டு கிடைத்தது. பேரீச்சந்தோப்புச் சொத்து, இரண்டு கல்யாணம், தகப்பனில்லாத மகனுக்கு வரவேண்டிய பராமரிப்புப் பணம் என்று 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒருத்தியின் முழு வழக்கு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. பத்திரங்கள் கிரேக்கம், அரமேயம், நபத்தேயம் என்று மூன்று மொழியில். மகனுடைய பாதுகாவலர்கள் பணம் சரியாகத் தரவில்லை என்று அவள் போய் நின்றது ரோம ஆளுநர் முன்னால். எந்த ரபீயும் அந்தக் கட்டில் தலைகாட்டுவதில்லை.

132 முதல் 135 வரை பார் கோக்பா தலைமையில் ரோமுக்கு எதிராக இன்னொரு கிளர்ச்சி நடந்து அதுவும் நசுக்கப்பட்டது. பிழைத்தவர்கள் வடக்கே கலிலேயாவுக்கு நகர்ந்தார்கள். ரபீக்களும்தான்.

இதுவரை வந்ததை ஒருமுறை பிடித்துக்கொள்வோம். எழுதிய சட்டத்தில் இடைவெளிகள் இருந்தன. அவற்றை நிரப்பும் பாரம்பரியம் இருந்தது, அதற்கு எதிர்ப்பும் இருந்தது. கோயில் போனதும் ஓர் இடம் காலியாயிற்று. அதை நிரப்ப முன்வந்தவர்கள் அப்போது ஒரு சிறு வட்டம்தான்.

## மிஷ்னாவைத் திறந்தால்

சுமார் கி.பி. 200இல் யூதா ஹநாசி என்பவர் அந்த வட்டத்தின் பேச்சுகளைத் தொகுத்தார். அந்தத் தொகுப்புதான் மிஷ்னா. எபிரேயத்தில் "மறுபடி சொல்" என்ற வேரிலிருந்து வந்த பெயர். ஆறு பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 63 நூல்கள். விவசாயம், பண்டிகை, கல்யாணம், நஷ்ட ஈடு, பலி, தீட்டு என்று வாழ்க்கை முழுக்க அதில் வருகிறது.

சட்டப் புத்தகம் என்றதும் "பிரிவு 1" என்று தொடங்கும் என்று எதிர்பார்த்துத்தான் நானும் திறந்தேன். முதல் வரியே கேள்வி: மாலையில் ஷெமா எந்நேரத்திலிருந்து சொல்வது? ஷெமா என்பது "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் அன்றாட அறிக்கை. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட நூல் முதலில் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் பதில். ஆசாரியர்கள் தங்களுக்கு ஒதுக்கிய விளைச்சல் பங்கைச் சாப்பிட உள்ளே போகும் நேரத்திலிருந்து முதல் ஜாமம் முடியும் வரை என்கிறார் ரபீ எலியேசர். மற்ற ஞானிகள் நடுநிசி வரை என்கிறார்கள். கமாலியேல் விடியல் வெளுக்கும் வரை என்கிறார்.

ஒரே கேள்விக்கு மூன்று பதில். கூடவே ஒரு சம்பவமும் வருகிறது. கமாலியேலின் பிள்ளைகள் விருந்து வீட்டிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் திரும்பி வந்து, "நாங்கள் இன்னும் ஷெமா சொல்லவில்லை" என்கிறார்கள். "விடியல் வெளுக்கவில்லை என்றால் சொல்லியே ஆக வேண்டும்" என்கிறார் அப்பா. அப்படியானால் ஞானிகள் ஏன் நடுநிசி வரை என்றார்கள்? மனுஷன் கட்டளையை மீறிவிடாமல் தள்ளி நிறுத்தத்தான் என்று நூலே காரணம் சொல்லிவிடுகிறது. கடைசித் தேதிக்கு முன்பே கட்டணத்தைக் கட்டச் சொல்லும் அம்மாவின் கணக்குதான்.

நேரம் காட்ட எடுத்துக்கொண்டது ஆசாரியர்களின் சாப்பாட்டு வேளை என்பதையும் கவனியுங்கள். நூல் தொகுக்கப்பட்டபோது கோயில் இடிந்து ஏறக்குறைய 130 வருஷம். ஆனாலும் மிஷ்னாவில் கோயிலின் அளவுகளை முழக்கணக்கில் விவரிக்கும் தனி நூல் ஒன்று இருக்கிறது, பலிகளுக்கு ஒரு பெரும் பிரிவே இருக்கிறது. நாட்டில் நடந்துகொண்டிருந்ததை மட்டும் பதிவு செய்த சட்டத் தொகுப்பாக இதைப் படிக்க முடியாது.

தெருச் சண்டை மாதிரி ஒரு வழக்கும் பார்ப்போம். இரண்டு பேர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "நான்தான் கண்டெடுத்தேன், முழுக்க எனக்கு" என்கிறான் ஒருவன். மற்றவனும் அதையே சொல்கிறான். மிஷ்னாவின் தீர்ப்பு: ஒவ்வொருவனும் தனக்கு இதில் பாதிக்குக் குறையாமல் உரிமை உண்டு என்று சத்தியம் செய்ய வேண்டும், பிறகு இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் "முழுக்க எனக்கு", மற்றவன் "பாதி எனக்கு" என்றால்? பாதி கேட்டவன் மற்ற பாதியை விட்டுக்கொடுத்துவிட்டான். சண்டை மீதிப் பாதியில் மட்டும்தான். அதை இரண்டாக வகுத்தால் முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால்.

ஏற்காத கருத்துகளை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியையும் மிஷ்னா கேட்டுக்கொள்கிறது. பெரும்பான்மைதான் சட்டம் என்றால் ஒற்றை ஆளின் கருத்தை எதற்குக் குறித்து வைப்பது? பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தக் கருத்தைச் சரி என்று கண்டால் அதன்மேல் சாய்ந்து நிற்க இடம் வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

## நடமாடும் புத்தகங்கள்

மிஷ்னா பரவியது முதலில் ஏட்டால் அல்ல, வாயால். அதில் பேசும் ஆசிரியர்களுக்குத் தன்னாயிம் என்று பெயர், திரும்பச் சொல்பவர்கள் என்று பொருள். பின்னால் அதே சொல் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆட்களையும் குறித்தது. கல்விக்கூடத்தில் ஆசிரியர் கேட்டால் இவர்கள் பிசகாமல் சொல்ல வேண்டும். மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவு. புரியாமல் ஒப்பிப்பவனைப் "புத்தகம் நிறைந்த கூடை" என்று தல்மூத் கேலி செய்கிறது.

தொகுத்தவரின் அந்தஸ்தும் உதவியது. "ஹநாசி" என்றால் தலைவர். யூதா ஹநாசி பணக்காரர், ஹில்லேல் என்ற பழைய ஞானியின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட குடும்பம், ரோம அதிகாரிகளோடு பழக்கம் உள்ளவர். ஆனால் அந்தஸ்தால் மட்டும் நூல் நிற்காது. அவருடைய பதவி பரம்பரையாகத் தொடர்ந்து 5ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒழிந்துபோனது. மிஷ்னா ஒழியவில்லை.

காரணம், அடுத்த தலைமுறை அதைப் பாடமாக எடுத்துக்கொண்டதுதான். கலிலேயாவில் படித்த ராவ் என்ற ஆசிரியர் சுமார் 219இல் பாபிலோனியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, மிஷ்னாவோடு திரும்பி சூரா என்ற ஊரில் பாடம் நடத்தினார். மிஷ்னாவுக்குப் பின் வந்த இந்த ஆசிரியர்கள் அமோராயிம் எனப்பட்டார்கள். அவர்கள் தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். முந்திய தலைமுறைத் தன்னாயிம் ஒருவரின் ஆதரவு இல்லாமல் மிஷ்னாவை நேருக்கு நேர் மறுக்கக் கூடாது. யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை. விவாதத்தில் நியாயமாக நடக்க ஒப்புக்கொண்ட விதிதான். அதிகாரம் என்பது முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும் இடம் இதுதான் என்பேன்.

அவர்கள் விவாதம் மிஷ்னாவுக்கு உரையாக வளர்ந்தது. மூலத்தை விட்டு எங்கெங்கோ சுற்றித் திரும்பும் உரை. அதற்குப் பெயர் கெமரா. மேலாடை வழக்கையே எடுத்துக்கொண்டால், பாதிப் பாதி என்று முடிவான பிறகு சத்தியம் எதற்கு என்று கெமரா நோண்டுகிறது. சத்தியம் இல்லையென்றால் கண்டவனும் போய் அடுத்தவன் மேலாடையைப் பிடித்துக்கொண்டு "என்னுடையது" என்பான், அதைத் தடுக்க ஞானிகள் செய்த ஏற்பாடு என்று ரபீ யோகனான் பதில் சொல்கிறார். தோராவை ஆதாரம் காட்டாமல் ஊர் நடப்பைக் காரணம் காட்டுகிறார்.

மிஷ்னாவும் கெமராவும் சேர்ந்தது தல்மூத். இரண்டு உண்டு. எருசலேம் தல்மூத் எனப்படுவது கலிலேயாவில், முக்கியமாகத் திபேரியாவில் உருவானது. பேரில்தான் எருசலேம், 135க்குப் பிறகு யூதர்கள் அந்த நகருக்குள் வரவே ரோமர்கள் தடை போட்டிருந்தார்கள். மற்றது அதைவிடப் பெரிய பாபிலோனியத் தல்மூத். இன்றைக்குத் "தல்மூத்" என்று மொட்டையாகச் சொன்னால் இதுதான், அச்சில் 2,711 தாள்.

சுருக்கமாக: தோராவுக்கு விளக்கம் மிஷ்னா, மிஷ்னாவுக்கு விவாத உரை கெமரா, இரண்டும் ஒன்றாக தல்மூத். நடைமுறையில் பின்பற்றும் முடிவுக்கு ஹலாக்கா என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் "நட", நம் "நடத்தை" மாதிரி. விவாதத்தில் வரும் ஒவ்வொரு வரியும் ஹலாக்கா ஆகிவிடாது.

## "அது வானத்தில் இல்லை"

ரபீக்கள் தங்கள் அதிகாரத்துக்குச் சொன்ன காரணம் என்ன? மிஷ்னாவில் உள்ள அவோத் என்ற சிறு நூல் ஒரு சங்கிலியைத் தருகிறது. மோசே சீனாயில் தோராவைப் பெற்று யோசுவாவிடம் கொடுத்தார், யோசுவா மூப்பர்களிடம், மூப்பர்கள் தீர்க்கதரிசிகளிடம், தீர்க்கதரிசிகள் மகா சபையாரிடம். அங்கிருந்து ஆசிரியர் பெயர்களாக இறங்கி ரபீக்களிடம் வந்து நிற்கிறது. இந்த வரிசையில் ஆசாரியர்கள் ஓர் இனமாக வருவதே இல்லை. கோயிலை நடத்தியவர்களை ஓசைப்படாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

சங்கிலி ஒரு பதில். தல்மூத்தில் வரும் அடுப்புக் கதை இன்னொன்று. வளையங்களாக வெட்டி இடையில் மணல் வைத்த ஓர் அடுப்புக்குத் தீட்டு ஒட்டுமா என்று வழக்கு. ஒட்டாது என்கிறார் எலியேசர். ஒட்டும் என்கிறார்கள் மற்ற எல்லாரும். தன் பக்கம் நியாயம் என்பதற்கு எலியேசர் கரோப் மரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட, அது வேரோடு பிடுங்கிக்கொண்டு 100 முழம் தள்ளிப் போய் நிற்கிறது. 400 முழம் என்பாரும் உண்டு என்று அற்புதத்துக்குள்ளேயே ஒரு பாடபேதம் வேறு. அப்புறம் வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது, கல்விக்கூடத்துச் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வந்து எலியேசர் சொல்வதுதான் சட்டம் என்கிறது. ரபீ யோசுவா எழுந்து நின்று தோராவின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தின் வசனத்தையே திருப்பிப் போடுகிறார்: "அது வானத்தில் இல்லை." தோரா ஏற்கெனவே கொடுத்தாயிற்று, இனி பெரும்பான்மைதான் முடிவு. கடவுள் சிரித்து, "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம்.

பலர் கதையை இந்தச் சிரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள். மூலத்தில் அது அங்கே முடிவதில்லை. பெரும்பான்மை எலியேசரை விலக்கி வைக்கிறது. அவர் உடையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுகிறார், உலகத்தின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு அடிபட்டுப் போகிறது. ஜெயித்த தரப்பே சொன்ன கதை, தோற்றவரின் கண்ணீரை மறைக்கவில்லை.

## ஜெபக்கூடத் தரையில்

சொல்லிக்கொண்டது அது. ஊர் ஏற்றுக்கொண்டதா? 4, 6ஆம் நூற்றாண்டுகளின் கலிலேயா வட்டாரத்து ஜெபக்கூடங்கள் சிலவற்றில், திபேரியா அருகே ஹம்மத்திலும் பெத் ஆல்பாவிலும், தரை மொசைக்கில் ராசிச் சக்கரமும் நடுவே தேரில் சூரியனும் இருக்கின்றன. சூரிய உருவங்களை ஒதுக்கச் சொல்லும் மிஷ்னாவைப் படித்துவிட்டு அந்தத் தரையைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஜெபக்கூடத்தைக் கட்டியவர்கள் எல்லாவற்றுக்கும் ரபீக்களிடம் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

பெத் சேயான் பள்ளத்தாக்கில் ரேஹோவ் என்ற இடத்தில் வேறு மாதிரி ஒரு தரை கிடைத்தது. 6 அல்லது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படம் இல்லை, 29 வரி எழுத்து. ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற சட்டத்தின்படி எந்தெந்த விளைபொருள் அந்த வட்டாரத்தில் ஆகாது என்ற பட்டியல். எள், கடுகு, அரிசி, சீரகம் எல்லாம் வருகிறது. வாசகம் எருசலேம் தல்மூத்தில் உள்ளதோடு ஒட்டிப் போகிறது. வயலுக்குப் போகிறவனும் சந்தைக்குப் போகிறவனும் மிதித்து நடக்கும் இடத்தில், ரபீக்களின் விவாதம் ஊர் அறிவிப்புப் பலகையாகிவிட்டிருக்கிறது.

பாபிலோனியத் தல்மூத்துக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அதற்கு அப்புறம். இஸ்லாமியப் பேரரசின் தலைநகர் பாக்தாத்தில் அமைந்ததும், அருகிலிருந்த கல்விக்கூடங்களின் தலைவர்களுக்கு ஸ்பெயின் வரையிலிருந்து கடிதங்கள் வந்தன. இதைச் சாப்பிடலாமா, இந்த விவாகரத்து செல்லுமா என்று கேள்விகள். பதில்கள் தல்மூத்தை வைத்துப் போயின. கேட்பவன் கேட்கக் கேட்க, பதில் சொல்பவரின் நூலுக்கு எடை கூடியது. எதிர்ப்பும் கூடவே வந்தது. வாய்மொழித் தோரா வேண்டாம், வேதம் மட்டும் போதும் என்று கராயிதர் என்ற பிரிவினர் கிளம்பினார்கள். இன்றும் சிறு எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

987இல் இன்றைய துனீசியாவில் உள்ள கைருவானிலிருந்து ஒரு கடிதம் பாக்தாத்துக்கு வந்தது. மிஷ்னா எப்படி எழுதப்பட்டது, யார் எழுதினார்கள் என்று கேட்டிருந்தார்கள். கல்விக்கூடத் தலைவர் ஷெரிரா தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை அடுக்கி நீண்ட பதில் அனுப்பினார். அந்தப் பதில் இரண்டு பாடங்களாக நமக்குக் கிடைத்திருக்கிறது. யூதா ஹநாசி மிஷ்னாவை எழுதி வைத்தார் என்கிறது ஒன்று. எழுதவில்லை, வாய்மொழியாகத்தான் தொகுத்தார் என்கிறது மற்றது.